நுரை பொங்க வைத்த குடியானவர் மகன்

(மூன்றாம் ஆண்டு மாணவன், கெமிக்கல் துறை)

பாலிடெக்னிக் என்ற சொல்லை வீட்டுப் பெரியவர்களுக்கு விளங்க வைப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் அம்மாயி இன்றைக்கும் ஊரில் நான் டெக்னிக் படிப்பதாகத்தான் சொல்லி வருகிறார். காலேஜா என்று யாராவது கேட்டால் காலேஜ் மாதிரி என்பார். அந்தச் சொல்லை உலகறியச் செய்தது பாரிஸ் நகரத்தில் தொடங்கிய ஒரு கல்விக்கூடம். பிரெஞ்சுப் புரட்சியின் சூடு ஆறும் முன்னே 1794-ல் தொடங்கி, 1795-ல் எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் பெற்றது. நம்மைப் போல மூன்று வருட டிப்ளமோ கொடுக்கிற இடம் அல்ல அது. ராணுவத்துக்கும் அரசாங்கத்துக்கும் இஞ்சினியர்களைத் தயார் செய்யும் பெரிய இடம். ஆனால் அங்கே பல ஆண்டுகள் வேதியியல் சொல்லிக் கொடுத்த ஒருவர், நம்மில் பாதிப் பேரைப் போல, குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவர் பெயர் லூயி ஜாக் தெனார். ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டுபிடித்தவர். அவர் கதையைத்தான் நண்பர்களே, இந்த மலரில் எழுத நினைத்தேன்.

1777-ம் ஆண்டு மே மாதம் 4-ம் தேதி, பிரான்ஸ் நாட்டின் ஷாம்பேன் பகுதியில், லா லூப்தியேர் என்ற சின்ன கிராமத்தில் தெனார் பிறந்தார். அப்பா நிலத்தில் பாடுபடுகிறவர். பிள்ளைக்குப் படிப்பு வரும்போல இருக்கிறதே என்று, கஷ்டத்தோடு கஷ்டமாக சான்ஸ் என்ற பக்கத்து நகரத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். பதினாறு பதினேழு வயதில் பையன் பாரிசுக்குக் கிளம்பினான். மருந்து, வேதியியல் ஏதாவது கற்றுக்கொண்டு பிழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். கையில் காசு இல்லை. ராஜாவின் தலையையே வெட்டிப் போட்ட ஊர், ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போது பாரிசில் வேதியியலுக்கு இரண்டு பெரிய ஆசிரியர்கள். ஒருவர் ஃபூர்க்ருவா, இன்னொருவர் வோக்லான். குரோமியத்தைக் கண்டுபிடித்த வோக்லான் இவர்தான். ஃபூர்க்ருவாவின் சொற்பொழிவுகளை யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். தெனாரும் போய்க் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு ஒன்று தெரிந்துபோனது. வேதியியலைக் காதால் கேட்டு மட்டும் கற்க முடியாது, கையால் செய்தால்தான் வரும். (நம்ம லேப் இன்ஸ்ட்ரக்டர் சாரும் இதைத்தான் வாரம் ஒரு தடவை சொல்கிறார்.) செய்து பழக வேண்டுமானால் வோக்லானின் ஆய்வுக்கூடத்தில் சேர வேண்டும். சேர்ந்தவர்கள் மாதம் 20 பிராங்க் கட்டணம் கொடுத்தார்கள். தெனாரிடம் 20 பிராங்க் ஏது?

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நேரே வோக்லானிடம் போய்ப் பேசினார். என்னிடம் பணம் இல்லை, எந்த வேலை சொன்னாலும் செய்கிறேன், பாட்டில் கழுவுகிறேன், கூட்டிப் பெருக்குகிறேன், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வோக்லானும் ஏழைக் குடியானவர் மகன்தான். ரூவான் நகரத்து மருந்துக் கடையில் எடுபிடியாக இருந்து மேலே வந்தவர். ஆனாலும் அவர் கையிலும் வசதி இல்லாததால் முடியாது என்று சொல்லப்போனார். அந்த நேரம் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் உள்ளே வந்தார்களாம். பையனின் கிராமத்துப் பேச்சும் முகமும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. இவனை வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுக்கூடத்திலும் உதவுவான், அடுப்பில் இருக்கிற இறைச்சிச் சாறு பொங்கி வழியாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் ஆச்சு என்று பரிந்து பேசினார்கள். அந்தப் பேச்சில்தான் தெனாருக்கு வேலை கிடைத்தது.

பிற்காலத்தில் தெனார் இதைச் சிரிப்போடு எல்லோரிடமும் சொல்வாராம். மெல்லிய தீயில் பானையைப் பார்த்துக்கொள்வது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பானை கொதித்தால் சாறு கெட்டுப்போகும், கொதிக்காமல் இருந்தால் வேகாது. டெம்பரேச்சர் கண்ட்ரோல் என்று நாம் செமஸ்டர் பேப்பரில் எழுதுவது இதைத்தான்!

மூன்று நான்கு வருடங்கள் இப்படி ஓடின. பாட்டில் கழுவினவர் சோதனை செய்தார், சோதனை செய்தவர் பாடம் எடுத்தார். வோக்லான் ஊரில் இல்லாத சமயம் அவருக்குப் பதிலாகத் தெனாரே வகுப்பு நடத்தினார். முதலில் வாய் குழறியதாம். கிராமத்து உச்சரிப்பு வேறு. சில வகுப்புகள் போனபின் தைரியம் வந்து, நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தால், ஒரு மூலையில் வோக்லானும் ஃபூர்க்ருவாவும் ஒளிந்து உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். தெனார் மேடையை விட்டே ஓடிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. செமினார் எடுக்கும்போது ஹெச்.ஓ.டி. பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான்.

1798-ல், 21 வயதில், எக்கோல் பாலிடெக்னிக்கில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதற்குச் சில வருடங்களில் ஷப்தால் என்ற அமைச்சர் அவரைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். ஷப்தாலும் வேதியியல் படித்தவர்தான். அந்தக் காலத்தில் நல்ல நீல வண்ணம் லாபிஸ் லாசுலி என்ற கல்லைப் பொடித்துத்தான் எடுத்தார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வரவேண்டும், விலை தலைக்கு மேல். அதைப் போலவே பளிச்சென்று, விலை குறைவாக, சூளையின் சூட்டையும் தாங்கக்கூடிய ஒரு நீலம் வேண்டும் என்றார் ஷப்தால். சேவ்ர் பீங்கான் தொழிற்சாலையில் குயவர்கள் கோபால்ட் உப்புகளை மெருகுக்குப் பயன்படுத்துவதைத் தெனார் பார்த்துவைத்திருந்தார். கோபால்ட் உப்பை அலுமினாவோடு சேர்த்துச் சூடாக்கினார். கிடைத்தது கோபால்ட் நீலம். இன்றைக்கும் ஓவியர்கள் வாங்குகிற பெயிண்ட் டியூபில் அந்தப் பெயர் இருக்கிறது. தெனார் நீலம் என்றும் அதற்குப் பெயர். இதில் எனக்குப் பிடித்தது, விடை குயவர்களின் சூளையில் கிடைத்தது என்பதுதான்.

1804-ல் வோக்லான் தன் கொலேஜ் த பிரான்ஸ் பேராசிரியர் பதவியையே சீடனுக்காக விட்டுக்கொடுத்தார். அப்போது தெனாருக்கு வயது 27.

பிறகு வந்தது கே-லுசாக்கோடு கூட்டு. கே-லுசாக் விதி என்று நாம் பத்தாவது பதினொன்றாவதில் மனப்பாடம் செய்கிறோமே, அவரேதான். 1807-ல் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தால் பொட்டாசியத்தைப் பிரித்துவிட்டார். ஆனால் கிடைத்தது துளித் துளியாக. பிரான்ஸ்காரர்கள் இருவரும் 1808-ல், துப்பாக்கிக் குழலில் இரும்புத் துருவலைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் உருகிய பொட்டாஷைச் செலுத்தி, வேண்டுமளவு பொட்டாசியம் எடுத்தார்கள். அதை வைத்து போரிக் அமிலத்திலிருந்து போரானையும் பிரித்தார்கள். அதே வருடம் பொட்டாசியம் வெடித்து கே-லுசாக்கின் கண்ணில் அடித்தது. கொஞ்ச நாள் பார்வையே இல்லாமல் கிடந்தார். கண்ணாடி போடாமல் லேபுக்குள் வருகிற நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வருடம் 1818. தெனாருக்கு 41 வயது. பேரியம் ஆக்சைடைக் காற்றில் சூடாக்கினால் அது கூடுதல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பேரியம் பெராக்சைடு ஆகும். அதை அமிலத்தில் கரைத்தார். சும்மா கரைக்கவில்லை, பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டியைப் போட்டுக் குளிரவைத்துக் கரைத்தார். பொதுவாக ஆக்சிஜன் குமிழி விட்டு வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை! கரைசலுக்குள்ளேயே இருந்தது. முதலில் அவர், அமிலத்தில்தான் கூடுதல் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது, இது ஒரு புது வகை அமிலம் என்று முடிவு கட்டி அதை வெளியிடவும் செய்தார். நைட்ரிக் அமிலத்தில் செய்தார், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தார், எதில் செய்தாலும் அதே குணம். அமிலம் எதுவாக இருந்தாலும் குணம் மாறவில்லை என்றால், விஷயம் அமிலத்தில் இல்லையே? அந்த வருடம் முடிவதற்குள், ஆக்சிஜன் ஏறியிருப்பது அமிலத்தில் அல்ல, தண்ணீரில்தான் என்று தானே கண்டுபிடித்துத் தன் பழைய முடிவை மாற்றி எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள், ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர்.

அதைத் தனியே பிரித்தெடுத்த விதத்தை நம் பிராசஸ் பாடத்தில் ஒரு யூனிட்டாகவே வைக்கலாம். பேரியம் பெராக்சைடைக் குளிர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் பேரியம் குளோரைடும் பெராக்சைடும் கிடைக்கும். அதில் சொட்டுச் சொட்டாகக் கந்தக அமிலம் விட்டால் பேரியம் எல்லாம் வெள்ளை வீழ்படிவாக இறங்கிவிடும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் மறுபடி கிடைக்கும். அதில் மீண்டும் பேரியம் பெராக்சைடைப் போடு, மீண்டும் கந்தக அமிலம் விடு, வடிகட்டு. இப்படிச் சுற்றிச் சுற்றிச் செய்யச் செய்ய பெராக்சைடின் அளவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் சில்வர் சல்பேட் போட்டுக் குளோரைடை இறக்கி, பேரியம் ஆக்சைடு போட்டுச் சல்பேட்டை இறக்கினால் மிச்சம் இருப்பது தண்ணீரும் பெராக்சைடும்தான். அதை ஒரு மூடிய பாத்திரத்தில் கந்தக அமிலத்தின் பக்கத்தில் வைத்து, காற்றை எடுத்துவிட்டால், தண்ணீரை அமிலம் இழுத்துக்கொள்ளும். அடியில் நிற்பது தண்ணீரைவிடக் கனமான, நிறமில்லாத பாகு போன்ற திரவம். ஒரு மில்லிலிட்டர் முழுச் சுத்தமான பெராக்சைடு ஏறக்குறைய 475 மில்லிலிட்டர் ஆக்சிஜனை விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

அந்தக் காலத்து வழக்கப்படி தெனார் அதை நாக்கிலும் வைத்துப் பார்த்தார், தோலிலும் விட்டுப் பார்த்தார். தோல் சுருக்கென்று எரிந்து, வெள்ளையாக மாறிவிடுகிறது என்று எழுதி வைத்தார். அந்த வெள்ளையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். எங்கப்பா திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் லோடு இறக்கும் வேலை பார்க்கிறார். பெராக்சைடு கேன் இறக்கும் நாளில் விரல் நுனி எல்லாம் சுண்ணாம்பு பூசினமாதிரி இருக்கும். சாயங்காலம் வந்து கையை விரித்துக் காட்டுவார், மறுநாள் போய்விடும் என்பார். அது என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தோலுக்குள் போன பெராக்சைடு உடைந்து சின்னச் சின்ன ஆக்சிஜன் குமிழியாக நிற்பதுதான் அந்த வெள்ளைக்கு ஒரு காரணம் என்று இரண்டாம் வருஷத்தில்தான் தெரிந்துகொண்டேன். இப்போது கையுறை போட்டுக்கொண்டுதான் இறக்குகிறார். வாங்கிக் கொடுத்தது நான், ஸ்டைபண்ட் பணத்தில்.

தெனாரை எல்லாவற்றையும்விட வியக்க வைத்தது வேறொன்று. இந்தத் திரவத்தில் வெள்ளி, பிளாட்டினம், தங்கம் இவற்றின் பொடியைப் போட்டால், கரைசல் கொதிப்பது போல ஆக்சிஜனை விட்டது. மாங்கனீஸ் டை ஆக்சைடு போட்டாலும் அப்படியே. ஆனால் போட்ட பொடி போட்டபடியே இருந்தது! ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. இரத்தத்திலிருந்து எடுத்த ஃபைப்ரின் என்ற நாரைப் போட்டாலும் இதே கதை. தான் மாறாமல் மற்றதை மாற்றுகிற இது என்ன சமாசாரம் என்று பல பொருள்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துப் பட்டியலிட்டார். 1835-ல் சுவீடனில் பெர்சீலியஸ், இதைப் போன்ற வினைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டலிசிஸ் என்று பெயர் வைத்தபோது, தெனாரின் இந்தச் சோதனைகளும் அவருக்குச் சான்றாக நின்றன. உயிருள்ள திசுக்களில் இந்த வேலையைச் செய்வது கேட்டலேஸ் என்ற என்சைம் என்று 1900-ம் ஆண்டு வாக்கில்தான் தெரிந்தது.

யானைப் பற்பசை என்று அறிவியல் கண்காட்சிகளில் பசங்கள் செய்து காட்டி கைத்தட்டல் வாங்குகிறார்களே, அது முழுக்க முழுக்கத் தெனாரின் சோதனைதான். ஒரு குறுகிய வாய் பாட்டிலில் பெராக்சைடு, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த பேக்கரி ஈஸ்ட். ஈஸ்டில் இருக்கும் கேட்டலேஸ் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. வெளியே ஓடப்பார்க்கும் ஆக்சிஜனைச் சோப்பு பிடித்து வைத்துக்கொள்ள, நுரை பாம்பு மாதிரி எழுந்து வருகிறது. தொட்டால் சூடாக இருக்கும், ஏனென்றால் அது வெப்பம் விடும் வினை. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீதப் பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜன் தரும் என்று அர்த்தம். கண்காட்சிக்கு அதுவே போதும். 30 சதவீதக் கரைசலில் செய்தால் நுரை கூரையைத் தொடும் என்று ஆசைப்படாதீர்கள். அது கொதிநீராவியோடு வரும், தோலைச் சுடும். ஸ்டாஃப் பக்கத்தில் இல்லாமல், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

இதே வினைதான் ராக்கெட்டிலும். 1940-களில் ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டில் எரிபொருள் பம்பைச் சுற்ற வைத்தது, பெராக்சைடு உடைந்து வந்த நீராவியும் ஆக்சிஜனும்.

சரி, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள் அல்லவா? நம்மூர்ப் பக்கத்துக்கே வருகிறேன். பனியன் துணியை வெளுக்க, காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் சேர்த்து, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே ஓட்டுகிறார்கள். பெராக்சைடு ஒரேயடியாக உடைந்துவிடாமல் இருக்க ஸ்டெபிலைசர் போடுகிறார்கள். துணியில் எங்காவது இரும்புத் துரு ஒட்டியிருந்தால் தொலைந்தது. துரு ஒரு கேட்டலிஸ்ட், அந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு வேகமாக உடைந்து துணியில் பொத்தல் விழும். வெளுத்த பின் மிச்சப் பெராக்சைடு துணியில் இருந்தால் சாயம் சரியாக ஏறாது. அதைக் கொல்லக் கேட்டலேஸ் என்சைம் ஊற்றுகிறார்கள். பெராக்சைடு கில்லர் என்று பட்டறையில் சொல்வது அதைத்தான். தெனார் ஃபைப்ரினைப் போட்டுப் பார்த்த அதே சோதனை, ஆயிரம் லிட்டர் மெஷினில்! எத்தனை போட வேண்டும், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பெர்மாங்கனேட் டைட்ரேஷன் செய்து சொல்ல லேப் ஆள் வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் ஆள் வேண்டும். 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நம் வீடுகளில் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அம்மா எழுந்து உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு, கழிவு ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஓட்டுவதற்குத் தெரிந்த ஆளுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

காகித ஆலை, சர்க்கரை ஆலை, உர ஆலை, பெயிண்ட், மருந்துக் கம்பெனி என்று எல்லாவற்றிலும் பிளாண்ட் ஆபரேட்டர், ஷிப்ட் கெமிஸ்ட், குவாலிட்டி கண்ட்ரோல் வேலைகள் டிப்ளமோவுக்கு உண்டு. படிப்பு முடிந்ததும் ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்குச் சென்னையில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம். மேலே படிக்க நினைப்பவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதல் சம்பளம் பெரிதாக இருக்காது, நைட் ஷிப்ட் வரும், வாசனை வரும். அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டக்கூடாது.

தெனார் கதையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. 1813 முதல் 1816 வரை நான்கு பாகங்களாக அவர் எழுதிய வேதியியல் பாடநூல் பல பதிப்புகள் கண்டது. 1814-ல் திருமணம். மணப்பெண், கோன்தே என்பவரின் பேத்தி. கிராஃபைட்டோடு களிமண்ணைச் சேர்த்துச் சுட்டுப் பென்சில் செய்யும் முறையை 1795-ல் கண்டுபிடித்தவர் இந்தக் கோன்தே. டிராயிங் ஹாலில் ஹெச்.பி.யா டூ ஹெச்.சா என்று நாம் அடித்துக்கொள்வதற்கு ஆதிகாரணம் அவர்தான்!

1825-ல் நடந்தது ஒன்று. எக்கோல் பாலிடெக்னிக்கில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். மேசைமேல் இரண்டு கிளாஸ். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், இன்னொன்றில் பாதரசக் குளோரைடு கரைசல், கொடிய விஷம். பேச்சு வேகத்தில் தவறான கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். குடித்ததும் புரிந்துவிட்டது. பதறவில்லை. நான் விஷம் குடித்துவிட்டேன், முட்டையின் வெள்ளைக்கரு கொண்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். பாதரச உப்பை முட்டைப் புரதம் பிடித்துக்கொண்டு திரிந்து கட்டியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பையன்கள் சுவரேறிக் குதித்தார்களோ என்னவோ, அக்கம்பக்கத்துக் கடை, வீடு எல்லாம் ஓடி முட்டை முட்டையாகக் கொண்டுவந்து குவித்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஒரு ஆசிரியருக்காக ஒரு பாலிடெக்னிக்கே முட்டை தேடி ஓடிய கதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அதே 1825-ல் மன்னர் பத்தாம் சார்ல்ஸ் அவருக்குப் பேரன் பட்டம் கொடுத்தார். 1832-ல் பிரபுக்கள் சபையில் இடம் கிடைத்தது. இவை எல்லாம் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் வருகிற விஷயங்கள்தான். அவர் கடைசியாகச் செய்த காரியம் அப்படி அல்ல. 1857-ல் அறிவியல் நண்பர்கள் உதவிச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்துக் காசு சேர்க்காமல் இறந்துபோனவர்களின் மனைவி மக்களுக்குப் பணம் கொடுப்பது அதன் வேலை. சங்கம் தொடங்கிய அதே வருடம் ஜூன் 21-ம் தேதி பாரிசில் அவர் காலமானார்.

1865-ல் அவர் பிறந்த கிராமத்தின் பெயரை லா லூப்தியேர்-தெனார் என்று மாற்றினார்கள். 1889-ல் ஈஃபில் கோபுரம் கட்டியபோது முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்களைப் பெரிய எழுத்தில் பதித்தார்கள். அதில் தெனார் பெயரும் இருக்கிறது. வோக்லான் பெயர் இல்லை. இறைச்சிச் சாற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொன்ன அந்த வீட்டுப் பெண்களின் பெயரும் இல்லை.